தடம் பொறுக்க வந்தவன்

இரவு எட்டு மணி இருக்கும். ஏரிக்கரையில் கடைசிக் கடையும் விளக்கை அணைத்துவிட்டது. அங்கிருந்து பின்மேட்டுக் குடியிருப்புக்குப் போகிற சாலை உங்களுக்குத் தெரியும்... ஒரு பக்கம் மணல் மலை, இன்னொரு பக்கம் பட்டுப்போன திராட்சைத் தோட்டம். நடுவில் ஒரு வீடு கிடையாது. அந்தச் சாலையில் ஒரு குழாய் வண்டி வந்துகொண்டிருந்தது. ஓட்டியவள் ஒரு பெண். தனியாக.

கதவை இன்னும் கொஞ்சம் சாத்துங்கள். மணலை வாரியடிக்கிற இந்தப் பராக்கா காற்று இன்றைக்கு விடியும்வரை விடாது. எவனும் மணலில் இறங்கப் போவதில்லை, அப்புறம் என்ன அவசரம்? நெருங்கி உட்காருங்கள். இது எனக்கு நடந்ததில்லை. நம் வண்டிக்கார அபெலார்டோ இருக்கிறானே, அவன் சித்தி மகள் நெலிடாவுக்கு நடந்தது. அபெலார்டோவுக்குக் கதை கட்டத் தெரியாது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இதை என்னிடம் சொன்னபோது அவன் காதை நான் நன்றாகவே பார்த்தேன். சிவக்கவில்லை.

வண்டி நெலிடாவின் புருஷன் இசித்ரோவுடையது. சுற்றுலா வந்தவர்களை மணல் மேட்டில் ஏற்றி இறக்குகிற வண்டி, ஒன்பது பேர் உட்காரலாம். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. வளைத்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் ஊரைக் கூட்டுகிற எஞ்சின். அவன் செத்ததும் அதில்தான். அஸ்தமனச் சவாரி முடிந்து ஏரிக்கரையில் ஆட்களை இறக்கினான். கடைசி ஆள் இறங்கிக் கையாட்டிவிட்டுப் போனார். இசித்ரோ எஞ்சினை அணைக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், திட்டினான், பொறுக்கமாட்டாமல் இறங்கி வந்து தோளைத் தொட்டான். ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் வைத்தபடி, பெல்ட் போட்டபடி, உட்கார்ந்த இடத்திலேயே போயிருந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். நல்ல சாவு என்றது ஊர். சாவில் நல்லது எது என்று நெலிடா யாரிடமும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வண்டி தார்ப்பாய் போர்த்தி ஏரிக்கரையிலேயே நின்றது. ஐந்தாம் நாள் ராத்திரிதான் அவள் அதை வீட்டுக்கு எடுத்து வருகிறாள்.

சாலையில் ஒரு மேடு வருமே, பாலத்துக்கு முன்னால்... அங்கே காலி வண்டி துள்ளும். அன்று துள்ளவில்லை. பின்பக்கம் தாழ்ந்து, ஆள் நிறைய ஏற்றிய வண்டிபோல முனகிக்கொண்டு ஏறியது. நெலிடா ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். எல்லா இருக்கையும் காலி. பெல்ட்டுகள் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. பின் ஸ்பிரிங் போய்விட்டதாக நினைத்துக்கொண்டாள். வண்டி வேலை தெரிந்தவளுக்கு முதலில் சந்தேகம் ஸ்பிரிங்கின் மேல்தான் வரும்.

கூடவே ஒரு வாசனை. வெயிலில் பகலெல்லாம் வெந்து கிடந்த மணலின் வாசனை. ஆகஸ்ட் மாதக் குளிர்கால இரவு அது, பல் கிட்டும்.

இசித்ரோ ஓட்டுவான், நெலிடா வண்டியைப் பார்த்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. மணலில் ஓடிய வண்டியை மணலோடு தூங்கவிடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். வண்டி வந்து நின்றதும் சூடு ஆற விடுவாள். கம்ப்ரசரைப் போட்டு ரேடியேட்டரை ஊதுவாள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளிருந்து வெளியே ஊதித் தட்டுவாள். ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனர் வைத்துப் பார்ப்பாள். மணல் மேட்டில் குலுங்கிய குலுக்கலில் பாதி தளர்ந்திருக்கும். முதலில் காற்று, பிறகு துணி, தண்ணீர் கடைசியிலும் கடைசி. ஈர மணல் பேரிங்குக்குள் போய்விட்டால் அம்மியில் அரைத்ததுபோல அரைத்துவிடும்.

எல்லாம் முடிந்து பெல்ட் பக்கிள்கள். மணல் இருந்தால் 'சரக்' என்று மாட்டும், அப்புறம் கழலாது. சுத்தமாக இருந்தால் 'டக்'. அந்த 'டக்' விஷயத்தில் இசித்ரோ யாரையும் நம்பமாட்டான். சவாரிக்கு முன்னால் பின்வரிசையில் ஆரம்பித்து, ஒவ்வொருவருக்கும் தன் கையால் மாட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போவான். லீமாவிலிருந்து வந்த பெண்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு நெளிந்த கதையெல்லாம் உண்டு.

சரி. அந்த ஐந்தாம் நாள் காலையில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அதில்தான் இருக்கிறது எல்லாம்.

இசித்ரோவின் ஆட்கள் மலைக்காரர்கள், அயாகுச்சோவிலிருந்து இறங்கி வந்தவர்கள். அவர்களுக்கு ஐந்தாம் நாள் கழுவு நாள். செத்தவன் உடம்பில் பட்டதையெல்லாம் கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் அலசிவிட வேண்டும். அலசினால்தான் உயிருக்குப் பிடிப்பு விடும். பிடிப்பு விட்டால்தான் அது கிளம்பும்... வாழ்ந்த காலத்தில் வைத்த காலடியையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு, எதையும் பாக்கி வைக்காமல் போகும். நம் பாட்டன்மார்களும் சொன்னதுதான், புதிதில்லை.

வாய்க்காலில் சட்டை அலசினார்கள், போர்வை அலசினார்கள், தொப்பியையும் செருப்பையும்கூட விடவில்லை. கரையில் கோக்கா இலை மென்றபடி உட்கார்ந்திருந்தாள் மாமியார்க்காரி சபினா. மூத்த மகன் போனதில் பாதி உடம்பு கரைந்திருந்தது. எல்லாம் முடிந்ததும் கேட்டாள்.

“இவ்வளவுதானா? அவன் போறப்ப மேல பட்டது எல்லாம் வந்துருச்சா?”

“வந்துருச்சு அத்தை.”

வண்டி வரவில்லை. அவன் செத்த இருக்கை, செத்தபோது பிடித்திருந்த ஸ்டீயரிங், மார்பில் கிடந்த பெல்ட், எதுவும் வரவில்லை. நெலிடாவிடம் காரணம் இருந்தது. மணலோடு நிற்கிற வண்டியில் தண்ணீர் ஊற்றினால் பேரிங் போகும். சனிக்கிழமை சாந்தா ரோசா திருநாள் விடுமுறைக் கூட்டம் வருகிறது. இசித்ரோவின் தம்பி சவுல்தான் ஓட்டப்போகிறான், எல்லா இருக்கையும் பேசியாகிவிட்டது. இதெல்லாம் சொல்லிக்கொள்ள. உள்ளபடி, அந்த ஸ்டீயரிங் உறையில் இசித்ரோவின் கை வியர்வை ஏறிக் கறுத்த இரண்டு இடம் இருந்தது. அதை அலச அவளுக்கு மனசு வரவில்லை. புருஷனில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆக அன்று ராத்திரி வண்டியை முற்றத்தில் நிறுத்தினாள். முற்றம் என்றால் மணல்தான், மூலையில் ஒரு வராங்கோ மரம். பழகின கை சும்மா இருக்குமா? கம்ப்ரசரைப் போட்டாள். ஃபில்டரைக் கழற்றினாள். மடிப்புக்கு மடிப்பு மணல். தார்ச்சாலையில் வந்த வண்டிக்கு அவ்வளவு மணல் ஏது? முந்தின சவாரியின் பாக்கி என்று எண்ணி, ஊதித் தள்ளிக் கூட்டி மரத்தடியில் குவித்தாள். டயர்களில் சாலைக்கு வேண்டிய காற்றை ஏற்றி வைத்திருந்தாள். வாசல் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

காலையில் சவுல் வந்து ஃபில்டரைத் திறந்தான். மறுபடி நிறைய மணல். இருக்கைக்கு அடியில் மணல். கருவிப் பெட்டிக்குள் மணல். நாலு டயரிலும் காற்று இறங்கி, மணலில் ஓட்ட நாம் இறக்குவோமே, அந்த அளவில் நின்றது. பஞ்சர் என்றால் நாலும் ஒரே அளவில் நிற்குமா?

“என்ன அண்ணி, நான் தூங்கினப்புறம் வண்டியை எடுத்துட்டு ஊர் சுத்தப் போறீங்களா?” என்று கிண்டல் செய்தான் சவுல். அவனுக்கு எல்லாமே விளையாட்டு. அண்ணன் செத்த வீட்டில் அவள் ஒரு வாய் சாப்பிட்டாள் என்றால் அவன் பேசிய பேச்சுக்காகத்தான்.

நெலிடா சிரித்து வைத்தாள். தாழ் போட்டது போட்டபடியே இருந்தது. எஞ்சின் சில்லென்று இருந்தது. சக்கரத்துக்கு முன்னால் மணலில் ஒரு தடம்கூட இல்லை... நேற்று ராத்திரி வண்டி உள்ளே வந்ததே, அந்தத் தடமும் இல்லை.

அன்று மாலை மறுபடி ஊதினாள். மரத்தடிக் குவியல் வளர்ந்தது.

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் கிடந்தாள். காற்று இல்லை. நாய் ஒரு முறை எழுந்தது, சுற்றியது, படுத்தது. அப்புறம்...

டக்.

முற்றத்தில். பின்வரிசை.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஒரு ஆள் காதைச் சாய்த்துக் கேட்கிற அளவு நேரம்.

டக்.

இப்படியே பின்வரிசை முடிந்தது. நடுவரிசை முடிந்தது. முன்னால் வந்தது. முன்வரிசையில் ஓரத்து ஆளின் இருக்கை... டக். அதோடு நின்றது. டிரைவருக்கு ஒட்டினாற்போல் இருக்கிற இருக்கையில் சத்தம் வரவில்லை. ஆள் இல்லாத நாட்களில் நெலிடா உட்கார்ந்து போகிற இடம் அது.

நீங்களாக இருந்தால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்திருப்பீர்கள். நானும்தான். நெலிடா என்ன செய்தாள் தெரியுமா? அழுதாள்... சந்தோஷத்தில் அழுதாள். வந்திருக்கிறான், தன்னை விட்டுவிட்டுப் போகவில்லை என்று அவள் மனசு நிறைந்துபோனது. காலையில் எழுந்து பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், சவுல் வருவதற்குள். ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தாள். மணல் வெதுவெதுவென்று இருந்தது.

ஏரிக்கரையில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இசித்ரோவின் இடது பின் டயரில் ஒரு கிழிசல் உண்டு, தைத்த கிழிசல். மணலில் அது போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெட்டு விழும். இது இசித்ரோ போன வழி என்று எவனும் சொல்லிவிடுவான். அந்த வாரம் காற்றே இல்லாததால் மேட்டில் எல்லார் தடமும் அப்படியே கிடந்தது. இசித்ரோவின் தடம் மட்டும் இல்லை. மற்றவர்கள் தடத்துக்கு நடுவில், பாயைச் சுருட்டி எடுத்தாற்போல், வழவழவென்று ஒரு பட்டை.

அது காலையில். சாயங்காலம் அபெலார்டோ சவாரி முடித்து அதே மேட்டில் இறங்கி வருகிறான்... தடம் இருக்கிறது. வெட்டு விழுந்த அதே தடம், புதுசாக. பகலெல்லாம் அந்தப் பக்கம் ஒரு வண்டியும் போகவில்லை. நெலிடா தன் முற்றத்தில் கம்ப்ரசரை அணைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த நேரம் அது.

வெள்ளிக்கிழமை மதியம் சபினா மருமகளைப் பார்க்க வந்தாள். வேகவைத்த சோளமும் பாலாடைக்கட்டியும் ஒரு துணியில் கட்டிக் கொண்டுவந்தாள். முற்றத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு மணல்.

“ஏது இவ்வளவு மணல்?”

வண்டியிலிருந்து வருகிறது, தினமும் ஊதித் தள்ளுகிறேன் என்று நெலிடா சொன்னாள். கிழவி வண்டியைப் பார்த்தாள். தூசி படிந்த இருக்கையைப் பார்த்தாள். ஸ்டீயரிங்கில் கறுத்த இரண்டு இடத்தைப் பார்த்தாள்.

“இதைக் கழுவலை நீ.”

நெலிடா போய் அந்த இரண்டு இடத்தின் மேலும் கையை வைத்தாள்.

“அவன் வாழ்ந்ததே இதுலதானே... காலால எங்கேடி நடந்தான்? அவனுக்குக் காலடின்னா சக்கரத்தடம்தான். ராவெல்லாம் மேடு மேடாப் போய்ப் பொறுக்கிட்டு வந்து வண்டியில சேக்கிறான். நீ சாயந்தரம் ஆனா ஊதிக் கொட்டுற. திரும்பவும் முதல்லேருந்து பொறுக்குறான்.” கிழவி கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் நெலிடாவுக்குத் தாங்கவில்லை.

அப்புறம் சபினா குரலைத் தாழ்த்திச் சொன்னாளாம், பொறுக்கி முடிக்க முடியாதவன் எத்தனை நாள் பொறுப்பான், துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொள்வான் என்று. மலையில் அவள் கண்ணால் கண்டிருக்கிறாளாம். நாளைக்கு அந்த இருக்கையில் உட்காரப்போகிறவன் யார்? சவுல். அவளுக்கு மிச்சம் இருக்கிற ஒரே பிள்ளை.

இப்போதே வண்டியை வாய்க்காலுக்குக் கொண்டுபோவோம் என்றாள் நெலிடா. கிழவி தலையை ஆட்டிவிட்டாள். பாதி பொறுக்கினதைத் தண்ணீரில் விட்டால் அந்தப் பாதி என்றைக்கும் கிடைக்காது. முடிக்கட்டும். இன்று ராத்திரி மட்டும் தொடாதே. ஒரு ராத்திரி விட்டால் முடித்துவிடுவான். சனிக்கிழமை வண்டி ஓட வேண்டாம், கழுவி விட்டுவிடலாம். அவ்வளவுதான் ஏற்பாடு.

இருட்டியதும் நெலிடா வண்டியிடம் போனாள். ஃபில்டர் நிறைய மணல் இருந்தது; கை பரபரத்தது, தொடவில்லை. கூண்டுக் குழாயில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“இன்னைக்குத் தொடமாட்டேன். முடிச்சுட்டுக் கிளம்பு. பிடிச்சு வச்சது என் தப்பு. சவுலை விட்டுரு... எனக்கு வேற யாரும் இல்ல.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சவுலுக்குச் சொல்லி அனுப்பலாம் என்றால் அவன் இக்கா டவுனுக்கு உதிரி பாகம் வாங்கப் போயிருந்தான். சொன்னாலும் என்ன சொல்வான்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிப்பான். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அப்படியே கண் அசந்தாள். எத்தனையோ நாள் தூக்கம்.

தடதட என்று கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் விழித்தாள்.

சவுல் நல்லவன். அவனை யாரும் குறை சொல்ல முடியாது. இக்காவிலிருந்து தாமதமாக வந்தவன் வண்டி எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான். ஃபில்டர் ஊதாமல், இருக்கை தட்டாமல் நிற்கிறது. விடிந்தால் விடுமுறைக் கூட்டம். அண்ணி உடைந்துபோய்விட்டாள், பாவம் தூங்கட்டும் என்று தானே சட்டையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். மணலில் ஓடிய வண்டியை மணலோடு தூங்கவிடக் கூடாதே! அண்ணன் வீட்டுச் சட்டம் தம்பிக்குத் தெரியாதா? ஒரு மடிப்பு விடாமல் ஊதித் தள்ளினான். எல்லாம் மரத்தடிக் குவியலுக்குப் போனது. எஞ்சின் சத்தம் கேட்டுப் பார்க்கலாம் என்று டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

நெலிடா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். கம்ப்ரசர் நின்றிருந்தது. முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. கூண்டுக்குள் சவுல் உட்கார்ந்திருந்தான், அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“அண்ணி... இந்த பெல்ட் கழல மாட்டேங்குது.”

“ஏன் போட்ட?”

“நான் போடலை.”

இப்போது அவன் சிரிக்கவில்லை. பின்வரிசையில் 'டக்' என்றது.

அவள் பக்கிளை அழுத்தினாள், நகரவில்லை. உள்ளே மணல் இறுகியிருந்தது. விரல் நகம் பிய்ந்தது. பின்வரிசை முடிந்து நடுவரிசை. அதே இடைவெளி, அதே நிதானம். சவுல் குனிந்து தன் காலைப் பார்த்தான். வண்டித் தரையில் மணல். எங்கிருந்து விழுகிறது என்று தெரியவில்லை... பாதத்தை மூடி, கணுக்காலை மூடி ஏறிக்கொண்டிருந்தது. சுடுகிறது என்றான். சமையல் கத்தியை எடுத்து வந்து பெல்ட்டை அறுத்தாள்; கத்தி வழுக்கியது, ஒரு நூல் பிரியவில்லை. மணல் அவன் முழங்காலுக்கு வந்தது. வெந்த மணலின் வாசனை மூச்சை அடைத்தது. அம்மாவைக் கூப்பிடு அண்ணி என்றான், சின்னப் பையன் குரலில்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இசித்ரோவுக்குத் தம்பி மேல் என்ன கோபம்? அவனுக்கு வேண்டியது அவன் பொருள். ஒரு வாரமாகச் சேர்த்ததெல்லாம் மரத்தடியில் கிடக்கிறது.

மண்வெட்டியை எடுத்தாள்.

வாரி வாரி வண்டிக்குள் கொட்டினாள். பின்வரிசையில், நடுவரிசையில், ஃபில்டர் கூட்டுக்குள், கருவிப் பெட்டிக்குள். ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தாள்... கம்ப்ரசர் பக்கம் சவுலின் ஷூ தடம் பதிந்திருந்தது, அது இசித்ரோவோடு போய்விடக் கூடாதென்று அங்கே மண்வெட்டியை வைக்கவில்லை. அந்தப் பக்கத்து மணலை ஒரு பிடிகூட எடுக்கவில்லை. குவியல் குறையக் குறைய அதன் மேலேயே ஏறி நின்று வாரினாள். கடைசியில் மண்வெட்டிக்கு அகப்படாததை முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் வழித்து அள்ளிக் கொட்டினாள். வெறுங்காலோடு எங்கெல்லாம் மிதித்தோம் என்று பார்க்க அவளுக்கு அப்போது நேரம் இல்லை.

கடைசிக் கைப்பிடி விழுந்தது.

டக்.

அது பெல்ட் கழன்ற சத்தம். சவுல் பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்தான். அவனை அக்குளில் பிடித்து வாசல் கல் வரை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் கல்லில் உட்கார்ந்து பார்த்தார்கள். வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது, பாரம் ஏறினதுபோல. அப்படியே நின்றது. அப்புறம் மெல்ல எழும்பியது. வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் தூரத்தில், மேட்டு உச்சிக்கு அப்பால், கியர் மாறுகிற சத்தம் கேட்டது. இசித்ரோ மாற்றுவானே, கொஞ்சம் பிந்தி, எஞ்சினை அழவிட்டு... அப்படி. சத்தம் தேய்ந்து தேய்ந்து கடல் பக்கமாகப் போய் அடங்கியது.

விடிந்ததும் வண்டியைப் பார்த்தார்கள். அவ்வளவு மணல் கொட்டினாளே, ஒரு துகள் இல்லை. ஃபில்டர் கடையிலிருந்து பிரித்தாற்போல் வெள்ளையாக இருந்தது. மரத்தடியில் குவியல் இருந்த இடம் வழவழவென்று கிடந்தது. நெலிடா அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள். இந்தத் தடவை அது போனவனுக்கான அழுகைதான்.

அன்றைக்கே வண்டியை வாய்க்காலுக்குக் கொண்டுபோய்க் கழுவினார்கள். பேரிங் போனால் போகட்டும் என்று வாளி வாளியாக ஊற்றினாள். ஸ்டீயரிங் உறையைத் தானே தேய்த்தாள், கறுப்பு போகிறவரை. சபினா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக் கூட்டம் வேறு வண்டிகளில் போனது. சவுல் உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று மூன்று பேருக்கும் இருந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு நெலிடா முன்னால் நடந்தாள். சவுல் பின்னால் வந்தான். கரை மணல் ஈரமாக, இளக்கமாக இருந்தது. அவன் ஷூ ஒவ்வொரு அடிக்கும் புதைந்து எழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவன் நடையை நிறுத்திவிட்டான். முன்னால் போகிற அண்ணியைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் கிடந்த மணலைப் பார்த்தான். கூப்பிட வாயைத் திறந்தவன் கூப்பிடவில்லை.

அந்த வாரமே சவுல் முற்றத்துக்குச் சிமெண்டு போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். என்னடா திடீரென்று என்றால், மணல் முற்றம் எஞ்சினுக்கு ஆகாது என்றான். உதவிக்கு அபெலார்டோவைக் கூப்பிட்டான். பூசி முடிக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஈரம் காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாதென்று குறுக்கே ஒரு பலகையை வைத்துவிட்டு, இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்கள். நெலிடா அப்போதுதான் சந்தையிலிருந்து வந்தாள். அவர்களோடு இரண்டு வார்த்தை பேசினாள். பேச்சு வாக்கில் பலகையைக் கவனிக்கவில்லை. தாண்டி, நேராக முற்றத்தின் குறுக்கே நடந்து போனாள். கொடியில் கிடந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள். நாய் வாலை ஆட்டியபடி அவள் கூடவே போய்க் கூடவே வந்தது.

அபெலார்டோ திட்டுவதற்காக எழுந்தான். சவுல் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தான். விடியட்டும் என்றான்.

விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். சிமெண்டு இறுகியிருந்தது. நாயின் கால் தடம் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. வேறு ஒன்றும் இல்லை.